ஆறாம் கட்டம்

சாத்தானுக்கு மொத்தம் நானூற்றுப் பதினேழு பெயர்கள் என்று கண்டுபிடிக்க அந்த ஆய்வு மாணவனுக்கு ஆறு ஆண்டுகள் பிடித்தன. அதே ஆறு ஆண்டுகளில் நெறியாளர் வீட்டுத் துணிமூட்டையை இஸ்திரிக் கடைக்கு எத்தனை தடவை சுமந்தான் என்று ஆராய்ந்திருந்தால் இன்னொரு முனைவர் பட்டத்துக்கே தேறியிருக்கும். ஆனால் அந்தத் தலைப்புக்கு நெறியாளர் கையெழுத்துப் போட்டிருக்க மாட்டார்.

பேய் பிசாசுகளின் பெயர்களை ஆராய்கிறவன் என்பதால் துறையில் அவனைக் குட்டிச்சாத்தான் என்றார்கள். அதுவும் நாளடைவில் நீளமாகப் பட்டு, குட்டி என்று சுருங்கிவிட்டது. நெறியாளர் மட்டும் பெயரைச் சுருக்குவதில்லை. "குட்டிச்சாத்தான், காருக்குக் காத்து அடிச்சாச்சா?" என்று முழுசாகவே கேட்பார். இலக்கணம் தெரிந்த மனிதர்.

ஆய்வின் முதல் இரண்டு இயல்களுக்கு நூலகமே போதும். வேதங்களில் நூற்று அறுபது பெயர்கள் கிடைத்தன. சாத்தான், இப்லீஸ், மாரன், பெயெல்செபூல் என்று ஒவ்வொரு மதமும் தன் எதிரிக்குக் கைக்குக் கிடைத்த பெயரையெல்லாம் சூட்டி வைத்திருந்தது. இலக்கியத்தில் நூற்றுப் பதினான்கு. அலகை, கூளி, கழுது, குணங்கு எல்லாம் பழைய நிகண்டுகளில் வரிசையாக உட்கார்ந்திருந்தன. யாரும் கூப்பிட்டுப் பல நூறு வருடம் ஆகியிருக்கும். குட்டி கூப்பிட்டதும் தூசி தட்டிக்கொண்டு எழுந்து வந்தன.

வினை மூன்றாவது இயலில்தான். அன்றாடப் பேச்சில் சாத்தானின் பெயர்கள். அதற்கு ஊரைச் சுற்ற வேண்டும், சந்தையில் நிற்க வேண்டும், பேருந்தில் சண்டை போடுகிறவர்களுக்குப் பக்கத்து இருக்கையில் உட்கார வேண்டும். குட்டிக்கு எங்கே நேரம்? எட்டு மணிக்குக் கார் துடைக்க வேண்டும், ஒன்பதுக்கு இஸ்திரிக் கடை, பத்து முதல் நாலு வரை நெறியாளரின் வகுப்புகளை அவருக்குப் பதிலாக எடுக்க வேண்டும், ஐந்துக்கு அவருடைய மகளை டியூஷனில் விட வேண்டும். ஆக, அவனுக்குக் கிடைத்த உலகம் நெறியாளரைச் சுற்றி அரைக் கிலோமீட்டர். சரி, அங்கேயே கேட்போம் என்று காதைத் தீட்டிக்கொண்டான்.

கேட்டதை எழுதுவதற்கு ஒரு முறை உண்டு. நெறியாளர் தம் வாழ்நாளில் செய்த ஒரே உருப்படியான வேலை அது. முப்பது வருடத்துக்கு முன் அவர் வடிவமைத்த அட்டையில் ஏழு கட்டங்கள் இருக்கும். சொல், முழு வாக்கியம், சொன்னவர், இடம், நாள், யாரைக் குறித்துச் சொன்னது, தொனி. முதல் வகுப்பிலேயே அட்டையைத் தூக்கிக் காட்டிச் சொல்லுவார்.

"ஆறாம் கட்டம் காலியா இருந்தா அது செத்த அட்டை. எந்த வசவும் அந்தரத்துல தொங்காது. யாரோ ஒருத்தன் தலையிலதான் எறங்கும். அந்தத் தலை யாருதுன்னு எழுதணும். ஆனா பேரு எழுதக்கூடாது. நபர் ஒண்ணு, நபர் ரெண்டுன்னு போடணும். நாகரிகம் வேணும்ல?"

முதல் அட்டை சமையலறை வாசலில் பிறந்தது. குட்டி இஸ்திரித் துணியோடு போய் நின்றபோது நெறியாளரின் மனைவி உள்ளே எட்டிப் பார்த்துவிட்டுக் குரலைத் தாழ்த்தினாள்.

"மெதுவா வை தம்பி. அது எழுந்துடுச்சுன்னா எனக்குக் காபி ஆறிடும்."

"எதும்மா?"

"அதுதான்." கண்ணால் படுக்கையறையைக் காட்டினாள்.

குட்டி சட்டைப்பையிலிருந்து அட்டையை எடுத்தான். பெயர் சொல்லப் பயந்து 'அது' என்பது சாத்தானுக்கு எல்லா நாட்டிலும் உள்ள வழக்கம். "அம்மா, இதை ஆராய்ச்சிக்கு எழுதிக்கட்டுமா?"

அவள் அவனை ஒரு மாதிரியாகப் பார்த்தாள். பிறகு அடுப்பைத் தணித்துவிட்டு வந்தாள். "இது சாதாரணமானது. கோபம் வந்தா வேற சொல்லுவேன். அதையும் எழுதிப்பியா?"

எழுதிக்கொண்டான். அன்றிலிருந்து அவன் வரும்போதெல்லாம் அவளிடம் ஒன்று தயாராக இருக்கும். "தம்பி, நேத்து சாயங்காலம் ஒண்ணு வந்துச்சு. மறக்கறதுக்குள்ள எழுதிக்கோ" என்பாள். அதில் புதுசு மாதத்துக்கு ஒன்றாவது நிச்சயம். சொல்லி முடித்ததும் முகம் தெளிந்து, அவனுக்கும் ஒரு காபி வைப்பாள்.

துறை எழுத்தருடைய கைச்சரக்கு ரத்தக்காட்டேரி. "காட்டேரி கையெழுத்துப் போடாமப் போயிடுச்சு குட்டி, என் லீவு கோவிந்தா." தையல்காரர் அளவெடுத்து முடித்ததும் சொன்னார்: "கொள்ளிவாய்ப் பிசாசுக்கு இடுப்புல ரெண்டு அங்குலம் கூடியிருக்கு. ஆனா பழைய அளவையே எழுதணுமாம்." முடிதிருத்துகிறவர், "பகல் பேய் வருது, நல்ல நாற்காலியை ஒளிச்சு வை" என்றார். நூலகத்தில் இரண்டு மாணவிகள்: "எமன் மாடியேறுது, மூடு மூடு." மகள் டியூஷனுக்குப் போகும் வழியில் பின் இருக்கையிலிருந்து, "எங்க வீட்டு வேதாளம் மறுபடி போன் பண்ணுது, எடுக்காதீங்க அண்ணா" என்றாள்.

நூற்று நாற்பத்து மூன்று அட்டைகள் சேர்ந்தன. ஒரு நாள் அடுக்கி வைத்துப் பார்த்தபோதுதான் குட்டிக்கே உறைத்தது. நூற்று நாற்பத்து மூன்றிலும் ஆறாம் கட்டத்தில் ஒரே ஆள். நபர் 1.

நெறியாளர் ஒரே ஒரு தடவை ஒரு கத்தை அட்டையைப் புரட்டினார். வயிறு குலுங்கச் சிரித்தார். "யாருடா இந்த நபர் ஒண்ணு? இவ்வளவு கெட்ட பேரு வாங்கியிருக்கான்?"

"பெரிய மனுஷர் ஐயா."

"பாவம் அவன் பொண்டாட்டி" என்று சொல்லி, அட்டையால் காதைச் சொறிந்துகொண்டு திருப்பிக் கொடுத்தார்.

ஆய்வேட்டை ஒப்படைத்தான். உள்ளங்கையில் வைத்து எடை பார்த்தார். அவர் ஆய்வேடு மதிப்பிடும் முறை அதுதான். "நல்ல கனம். படிச்சிட்டுச் சொல்றேன்" என்றார். எட்டு மாதம் படித்தார். ஒவ்வொரு மாதமும் பத்துப் பக்கம் தாண்டியிருப்பதாகச் சொன்னார். ஒன்பதாம் மாதம் ஓர் அச்சகத்திலிருந்து குட்டிக்கு ஒரு பொட்டலம் வந்தது. மெய்ப்புத் திருத்தித் தரவேண்டிய புத்தகம். பிரித்தான். முதல் பக்கத்தில் 'எதிரியின் பெயர்கள்' என்று தலைப்பு. அதன் கீழே நெறியாளரின் பெயர், பின்னால் வால் மாதிரி மூன்று பட்டங்கள். உள்ளே அவனுடைய ஆய்வேடு, ஒரு காற்புள்ளி குறையாமல்.

முன்னுரையில் நெறியாளர் எழுதியிருந்தார்: 'இந்நூலில் உள்ள ஒவ்வொரு அட்டையும் என் கையால், என் காதால் கேட்டு எழுதப்பட்டது. ஆறு ஆண்டுகள் ஊணுறக்கம் மறந்தேன்.' கடைசி வரியில், 'மெய்ப்புப் பார்த்துதவிய மாணவருக்கு நன்றி.' நானூற்றுப் பதினேழு பெயர்கள் கொண்ட புத்தகத்தில் அவன் பெயருக்கு மட்டும் இடமில்லை.

நேராக அவர் அறைக்குப் போனான். அவர் காதில் குச்சி விட்டுக்கொண்டிருந்தார்.

"ஐயா, இது என் ஆய்வேடு."

"யாரு இல்லேன்னா? உன் ஆய்வேடு, என் புத்தகம்." குச்சியை மறு காதுக்கு மாற்றினார். "துறைத்தலைவர் பதவிக்கு இந்த வருஷம் ஒரு புத்தகம் காட்டணும்டா. உனக்கு வயசு இருக்கு, வேற தலைப்பு எடுத்துக்கோ. தேவதைகளின் பெயர்கள் எடு. சாத்தான் எனக்கு, தேவதை உனக்கு. யாருக்குடா லாபம், நீயே சொல்லு."

"ஆறு வருஷம் ஐயா."

"தேவதைக்கு நாலு வருஷம் போதும். பேரு கம்மி." பிறகு குரலில் தேன் குழைந்தது. "வெளிய எங்கயாவது போய் உளறினேன்னா உன் பட்டத்துக்கான கையெழுத்து எங்கிட்டதான் இருக்கு, ஞாபகம் வச்சுக்கோ. மெய்ப்பை வெள்ளிக்கிழமைக்குள்ள முடிச்சுக் குடு. ஒரு பிழை இருக்கக்கூடாது."

வெளியே வந்து மாடிப்படியில் உட்கார்ந்தான். காருக்கு அடிக்கும் காற்றை என்றென்றைக்குமாக இறக்கிவிடலாமா என்று யோசித்தான். மொட்டைக் கடிதம் யோசித்தான். இஸ்திரிப் பெட்டியை வெள்ளை வேட்டி மேல் வைத்துவிட்டு மறந்துபோவது பற்றிக் கொஞ்சம் அதிகமாகவே யோசித்தான். எல்லாம் சில்லறை. இந்த ஆளை இவருடைய ஏழு கட்டத்துக்குள்ளேயே வைத்துப் பூட்ட வேண்டும் என்று தோன்றியபோது நெஞ்சு ஜில்லென்று ஆனது. எழுந்து போய்ப் புதுசாக ஒரு சிவப்புப் பேனா வாங்கினான்.

நான்கு நாட்களில் இருநூற்றுப் பன்னிரண்டு பிழைகளைத் திருத்தினான். சந்திப் பிழை ஒன்றுகூடத் தப்பவில்லை. எதிரியின் வீட்டை இவ்வளவு சுத்தமாகப் பெருக்கியவன் உலகில் யாரும் இருக்க மாட்டான். பின்னிணைப்புக்கு வந்தபோது மட்டும் பேனாவைக் கீழே வைத்தான். நூற்று நாற்பத்து மூன்று அட்டைகளும் அங்கே அச்சாகி இருந்தன. ஆனால் சொன்னவர்கள் எல்லாம் தகவலாளி 1, தகவலாளி 2 என்று முக்காடு போட்டிருந்தார்கள். பின்னிணைப்பின் தலையில் ஒரு குறிப்பு சேர்த்தால் போதும். அரைப் பக்கம்.

அதற்கு முன் சமையலறை வாசலுக்குப் போனான். நடந்ததைச் சொன்னான். நெறியாளரின் மனைவி கரண்டியைக் கீழே வைத்துவிட்டுக் கேட்டாள்.

"அம்மா, தகவலாளி ஒண்ணுன்னா நபர் ஒண்ணோட மனைவின்னு போடலாமான்னு கேக்க வந்தேன். வேணாம்னா விட்டுடறேன்."

"அப்ப நான் சொன்னதெல்லாம் புத்தகத்துல வந்திருக்கா?"

"முப்பத்தெட்டும் வந்திருக்கும்மா."

அடுப்பை அணைத்தாள். "பேரையே போட முடியாதா?"

"பேரு போடக்கூடாதும்மா. விதி."

"யாரு போட்ட விதி?"

"ஐயாதான்."

"அப்ப மனைவின்னே போடு" என்றாள். "தடிமனான எழுத்துல."

எழுத்தரிடமும் கேட்டான். "ஓய்வுக்கு நாலு மாசம் இருக்கு குட்டி. காட்டேரி இனிமே எங்கிட்ட என்னத்தை உறிஞ்சும்? போடு" என்றார். மற்றவர்களை, பாவம், 'அயலார்' என்று பொதுவாக எழுதினான். பிறகு நபர் 1க்கு ஒரு வாழ்க்கைக் குறிப்பு. 'ஆண். வயது ஐம்பத்தேழு. பேராசிரியர். ஒரு மகள். ஏழு கட்ட அட்டை முறையைப் பின்பற்றுபவர். காது குடையும் பழக்கம் உடையவர்.' எல்லாம் உண்மை. ஆய்வில் பொய் எழுதக்கூடாது என்பது அவனுக்கு ரத்தத்தில் ஊறிய பாடம்.

வெள்ளிக்கிழமை நெறியாளர் மெய்ப்பைக் கையில் ஏந்தி எடை பார்த்தார். புருவம் சுருங்கியது. "பின்னிணைப்பு எதுக்குடா? எவன் படிக்கிறான்? எடுத்துட்டா அறுபது பக்கம் குறையும்."

அறுபது பக்கத்தையும் கட்டைவிரலில் பிடித்தபடி அவர் கிழிக்கப் போகிறவர் மாதிரி நின்றார்.

"எடுத்துடலாம் ஐயா" என்றான். "போன வருஷம் பக்கத்துத் துறைப் பேராசிரியர் புத்தகம் ஐந்நூறு பக்கம். இது நானூத்தி எழுபதாயிடும். பரவாயில்ல, கையில பிடிக்க லேசா இருக்கும்."

கட்டைவிரல் தளர்ந்தது. "இருக்கட்டும். விட்டுடு."

"வெளியீட்டுக்கு யாரைக் கூப்பிடலாம் ஐயா?"

"பெரிய ஆளா ஒருத்தர். புத்தகத்தைப் பிரிக்காமப் பேசறவங்களாப் பாரு."

"கடைசிப் பக்கம் அம்மையாரைக் கேட்டேன். வரேன்னுட்டாங்க."

நெறியாளர் நாற்காலியில் நிமிர்ந்தார். ஓய்வு பெற்ற அந்தப் பேராசிரியை எந்த வெளியீட்டுக்கும் வருவதில்லை. புத்தகத்தைப் பின்னாலிருந்து படிப்பார் என்பதால் அந்தப் பெயர். அவர் தேர்வாளராக வந்தால் மாணவர்கள் முன்னுரையை விட்டுவிட்டு நூற்பட்டியலை மனப்பாடம் செய்வார்கள். "எப்படிடா ஒத்துக்கிட்டாங்க?"

"அறுபது பக்கம் பின்னிணைப்பு இருக்குன்னு சொன்னேன் ஐயா."

அது அவர் காதில் விழவே இல்லை. 'அம்மையாரே வராங்களாம்' என்று யாருக்கோ போன் போட ஆரம்பித்துவிட்டார்.

வெளியீட்டு விழா பிற்பகல் மூன்று மணிக்குக் கருத்தரங்க அறையில் நடந்தது. முன் வரிசையில் நெறியாளரின் மனைவி பட்டுப்புடவையில் உட்கார்ந்திருந்தாள். பக்கத்தில் மகள். அடுத்து துறைத்தலைவரைத் தேர்ந்தெடுக்கும் குழுவினர் மூன்று பேர், சமோசாவைக் கையில் வைத்துக்கொண்டு கடிக்க நேரம் பார்த்தபடி. மைக்கைச் சரிசெய்ய வேண்டியவன் என்ற முறையில் குட்டி மேடையின் ஓரத்தில் நின்றான். நெறியாளர் ஏற்புரையை முதலிலேயே நிகழ்த்திவிட்டார். ஆறு ஆண்டு, ஊணுறக்கம், ஒவ்வொரு அட்டையும் என் கையெழுத்து, எல்லாம் சொன்னார். கடைசியில் கண்ணைக் கூடத் துடைத்தார்.

பிறகு அம்மையார் எழுந்தார். புத்தகத்தைத் திருப்பிப் பிடித்திருந்தார்.

"முன்னுரையை நான் படிக்கல. பின்னிணைப்பைப் படிச்சேன்" என்றார். "முப்பது வருஷமா ஆய்வேடு பாக்கறேன். இப்படி ஒரு கள ஆய்வை நான் பாத்ததே இல்லை. நூத்தி நாப்பத்தி மூணு வசவு. நூத்தி நாப்பத்தி மூணும் ஒரே ஆளைப் பத்தி! பேராசிரியரே, ஒரு சந்தேகம். இந்த நபர் ஒண்ணு யாரு?"

நெறியாளர் சிரித்தபடியே தலையசைத்தார். "யாரோ ஒரு பெரிய மனுஷன்."

"அது தெரியுது. திட்டினவங்கள்ல அவரு மனைவியும் துறை எழுத்தரும் உண்டு. ஐம்பத்தேழு வயசு. பேராசிரியர். ஒரு மகள். காது குடையற பழக்கம்." அம்மையார் கண்ணாடிக்கு மேலாகப் பார்த்தார். அப்போது நெறியாளரின் சுண்டுவிரல் காதுக்குள் இருந்தது.

ஒரு சமோசா கீழே விழுந்தது. யாரும் குனிந்து எடுக்கவில்லை.

"உங்க கையெழுத்து, உங்க காது" என்று அம்மையார் தொடர்ந்தார். "அப்ப ஒண்ணு இதை நீங்க எழுதல. இல்ல, நீங்களே வீடு வீடாப் போய் 'என்னை என்னன்னு திட்டுவீங்க'ன்னு கேட்டு எழுதினீங்க. எது?"

நெறியாளர் விரலை எடுத்தார். அவருடைய கண் மேடையின் ஓரத்துக்குப் போய்க் குட்டியின் மேல் நின்றது. அந்த ஒரு பார்வைக்காக ஆறு வருடமும் மறுபடி துணி சுமக்கலாம் என்று குட்டிக்குப் பட்டது. ஆனால் மனிதர் லேசுப்பட்டவர் இல்லை. மூச்சை இழுத்துக்கொண்டு எழுந்தார்.

"ஆமாம், நான்தான்" என்றார். குரல் தழுதழுத்தது. "பிறரை ஆராயறவன் முதல்ல தன்னை ஆராயணும். எனக்குள்ள இருக்கிற சாத்தானைத் தேடி நானே வாசல் வாசலாப் போனேன். என் மனைவிகிட்ட, என் அலுவலகத்துல, கைகட்டி நின்னு கேட்டேன். அவங்க சொன்னதை அப்படியே எழுதிக்கிட்டேன். இது என் தவம்."

பின்வரிசையில் ஒருவர் கைதட்டினார். பிறகு இருவர். தேர்வுக் குழுவினர் ஒருவரை ஒருவர் பார்த்துக்கொண்டு சமோசாவை மடியில் வைத்துவிட்டுத் தட்டினார்கள். அறையே அதிர்ந்தது. குட்டி சட்டைப்பையிலிருந்த சிவப்புப் பேனாவைத் தொட்டுப் பார்த்தான். போச்சு. ஆறு வருடமும் சிவப்புப் பேனாவும் போச்சு. கழற்றிக் கொடுத்த செருப்பையே கிரீடமாக்கிக்கொண்டாரே மனுஷன்!

அம்மையார் மட்டும் தட்டவில்லை. முன் வரிசையைப் பார்த்தார். "தகவலாளி ஒண்ணு இங்கதானே இருக்காங்க? அம்மா, உங்ககிட்ட எப்பக் கேட்டாரு? எப்படிக் கேட்டாரு?"

கைதட்டல் ஓய்ந்தது. நெறியாளர் மனைவியைப் பார்த்துக் கண்ணை உருட்டினார், பிறகு கெஞ்சினார். இரண்டும் ஒரே நொடியில்.

அவள் எழுந்தாள். மைக் எட்டவில்லை. குட்டி ஓடிப்போய்ப் பிடித்தான்.

"இவரு என்னை எதுவும் கேட்டதில்லைங்க" என்றாள். "இருபத்தொன்பது வருஷம் ஆச்சு. உப்பு எங்கேன்னு கேட்டிருக்காரு. சாவி எங்கேன்னு கேட்டிருக்காரு. வேற ஒண்ணும் கேட்டதில்லை." மைக்கைப் பிடித்திருந்த கையைத் தொட்டாள். "கேட்டது இந்தத் தம்பி. ஒவ்வொண்ணுக்கும் நாள் என்ன, கோபமா, கேலியான்னு விசாரிச்சு எழுதிக்குவான். அப்புறம் அதுல முப்பத்தெட்டுன்னு போட்டிருக்கு. தப்பு. நாப்பது. ரெண்டைத் தம்பி கூச்சப்பட்டு எழுதல."

முதலில் சிரித்தது மகள். அடுத்து எழுத்தர். அதற்கப்புறம் அறையில் சிரிக்காதவர் நெறியாளரும் அம்மையாரும்தான்.

"அட்டைகள் எங்க இருக்கு?" என்று அம்மையார் கேட்டார்.

"நாலு செருப்புப் பெட்டியில என் அறையில இருக்கும்மா" என்றான் குட்டி. "எல்லாம் என் கையெழுத்து."

"திங்கட்கிழமை பெட்டியோட ஆய்வுப் பிரிவுக்கு வா. நானும் வரேன். உனக்கு வேற நெறியாளர் பாக்கறது என் பொறுப்பு." புத்தகத்தை மூடினார். "முன்னுரையை இப்பப் படிக்கலாம்னு தோணுது."

தேர்வுக் குழுவினர் சமோசாவைச் சாப்பிடாமலே போனார்கள். அதைவிட மோசமான அறிக்கை கிடையாது.

கூட்டம் கலைந்து, குட்டி மைக் கம்பியைச் சுருட்டிக்கொண்டிருந்தபோது நடைபாதையில் நெறியாளர் அவனை மறித்தார். வேர்வையில் சட்டை முதுகோடு ஒட்டியிருந்தது. உதடு நடுங்கியது. முப்பது வருடமாகச் சொல் பொறுக்கியவர் ஒரு சொல்லுக்காகத் தவித்தார். கடைசியில் வந்தது.

"டேய், என் வீட்டுத் துணியைத் தூக்கிட்டுத் திரிஞ்ச இஸ்திரிப் பேயே!"

குட்டி கம்பியைக் கீழே வைத்தான். சட்டைப்பையிலிருந்து ஓர் அட்டையையும் சிவப்புப் பேனாவையும் எடுத்தான்.

"இஸ்திரிப் பேய்" என்று சொல்லிப் பார்த்தான். "இது நம்மகிட்ட இல்லை ஐயா. நானூத்திப் பதினெட்டாவது. இன்னொரு தடவை முழு வாக்கியமாச் சொல்லுங்களேன், எழுதிக்கறேன்."

குட்டியே ஞாபகத்திலிருந்து எழுதினான். சொன்னவர், இடம், நாள். ஆறாம் கட்டத்தில் பேனா கொஞ்சம் நின்றது. காலியாக விட்டால் செத்த அட்டை. நபர் 2 என்று எழுதினான். அது அவன்தான். எழுதியதில் அவனுக்கு வருத்தம் எதுவும் வரவில்லை. வராதது கொஞ்சம் ஆச்சரியமாக இருந்தது.

ஏழாம் கட்டம் தொனி. அதற்காக நிமிர்ந்து நெறியாளரின் முகத்தை நிதானமாக ஒரு தடவை பார்த்தான். கோபம் என்று எழுதப் போனவன், அடித்துவிட்டு, பயம் என்று எழுதினான்.